எதிராளி எழுதிக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ்: மெய்யியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் என் மேசைக்கு வந்த ஒரு தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டு, வரலாற்று மெய்யியல். 'வரலாற்றுவாதம் என்றால் என்ன? விளக்குக' என்பது பத்து மதிப்பெண் வினா. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தாளின்மேல் டம்மி எண் மட்டுமே இருந்தது. நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டரில் தொடங்கி, வரலாற்றாசிரியர் ரான்கே வழியாக மெய்யியலாளர் டில்தாய் வரை வந்திருந்தார். கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு காலத்தையும் அந்தந்தக் காலத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்றால், இந்தக் கொள்கையை மட்டும் எந்தக் காலத்தின் அளவுகோலால் அளப்பது என்று கேட்டிருந்தார். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். இருபத்தாறு ஆண்டுகளாகத் தாள் திருத்துகிறேன். அப்படி நான் இரண்டு முறை படித்த விடைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எட்டு மதிப்பெண் போட்டேன்.

மாலையில் தலைமைத் தேர்வாளர் அதை இரண்டாக்கிவிட்டார். போய்க் கேட்டேன். அவர் கடுமையானவர் அல்லர். ஒன்றும் சொல்லாமல் நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதில் மூன்று வரிகள் இருந்தன: வரலாறு மாறாத விதிகளின்படி நகர்கிறது என்பது வரலாற்றுவாதம், அவ்விதிகளை அறிந்தால் எதிர்காலத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்பது அதன் நம்பிக்கை, மெய்யியலாளர் கார்ல் பாப்பர் அதை மறுத்தார். அவ்வளவுதான். "இதில் உள்ள எதையும் அந்தப் பிள்ளை எழுதவில்லையே, ஐயா" என்றார். உண்மைதான். அந்தப் பிள்ளை வேறொன்றை, சரியான ஒன்றை எழுதியிருந்தது.

அதே தாளின் ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒன்று 'வரலாற்றுவாதத்தோடு தொடர்புடைய சிந்தனையாளர் யார்?' என்பது. விடைக்குறிப்பில் 'பாப்பர்' என்று இருக்கிறது. மதுவிலக்குப் பேச்சாளரைச் சாராயக்கடையோடு தொடர்புடையவர் என்று எழுதி வைத்ததுபோல.

இதுபற்றி உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். வந்த பதில் ஒரு வரி: 'குழுவின் முடிவே இறுதியானது.' ஜூனில் திருத்திய பாடத்திட்டம் வந்தது. மூன்றாம் அலகிலிருந்த இத்தாலியச் சிந்தனையாளர் விகோ, ஹெர்டர், ரான்கே, டில்தாய் நால்வரும் நீக்கப்பட்டிருக்கிறார்கள். 'மாணவர் சுமையைக் குறைக்கும் பொருட்டு' என்று காரணம் கொடுத்திருக்கிறீர்கள். மிஞ்சியிருப்பது 'வரலாற்றுவாதமும் பாப்பரின் மறுப்பும்' என்ற ஒற்றைத் தலைப்பு. வரலாற்றுவாதத்தை யாரெல்லாம் முன்வைத்தார்களோ அவர்கள் அத்தனை பேரும் போய், அதை எதிர்த்தவர் மட்டும் இருக்கிறார். ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை அவருடைய வழக்கின் எதிராளியிடம் எழுதி வாங்கிக்கொண்டோம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. அதனால்தான் இம்முறை மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த முதல் பதினோரு ஆண்டுகள் நானும் இந்த மூன்று வரிகளைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சொல்லித் தந்தவர் அப்படிச் சொன்னார். அவருக்கு அவருடைய ஆசிரியர். ஒருநாள் வகுப்பில், ஜெர்மானிய வரலாற்றுவாதிகளில் தலையாயவர் ரான்கே என்று சொல்லிவிட்டு, வரலாற்றுவாதம் என்பது எதிர்காலத்தைக் கணிப்பது என்றும் அதே மூச்சில் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஐயா, ரான்கே எதிர்காலத்தைப் பற்றி எங்கே பேசியிருக்கிறார்?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று மணியடிப்பதற்கு முன்பே வகுப்பை முடித்தேன். அன்று இரவு தேட ஆரம்பித்தது, பதினைந்து ஆண்டுகளாகியும் முடியவில்லை.

ரான்கே எதிர்காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஓர் இடத்தில். 1824இல், பிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது வெளியிட்ட முதல் நூலின் முன்னுரையில். கடந்த காலத்துக்குத் தீர்ப்பளிப்பதும், வருங்கால நன்மைக்காக நிகழ்காலத்துக்குப் புத்தி சொல்வதும் வரலாற்றின் வேலை என்று சொல்லிவந்திருக்கிறார்கள்; என் நூல் அவ்வளவு உயர்ந்த வேலைக்கு ஆசைப்படவில்லை, உண்மையில் எப்படி இருந்தது என்பதைக் காட்டினால் போதும் என்கிறார். எதிர்காலத்தைப் பற்றி அவர் சொன்னது, அது என் வேலை இல்லை என்பதுதான். முப்பது ஆண்டு கழித்து, 1854இல், பவேரிய மன்னர் இரண்டாம் மேக்சிமிலியன் அவரை பெர்க்டெஸ்காடனுக்கு அழைத்துத் தனிச் சொற்பொழிவுகள் கேட்டார். மனித குலம் படிப்படியாக முன்னேறுகிறதா என்பது மன்னரை விடாமல் அரித்த கேள்வி. அரசவையில், அரசர் கேட்கும்போது, 'ஆம், தங்கள் ஆட்சியில் உச்சம்' என்று சொல்வது எவ்வளவு எளிது! ரான்கே மறுத்தார். ஒவ்வொரு காலமும் இடையில் எதுவுமின்றி நேரடியாகவே கடவுள்முன் நிற்கிறது என்றார். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு ஏணிப்படி அன்று. அதன் மதிப்பு, அதிலிருந்து பின்னால் என்ன வந்தது என்பதில் இல்லை, அதன் இருப்பிலேயே இருக்கிறது. அரசியலில் அவர் பழைமைவாதி, மன்னராட்சியின் நண்பர், அதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் விடைக்குறிப்பின் மூன்று வரிகளில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தாது.

அவருக்கு முன்பே, 1774இல், பூக்கெபுர்க் என்னும் சிற்றரசில் அரண்மனைப் போதகராக இருந்த ஹெர்டர் இதற்கான வித்தை ஊன்றியிருந்தார். தம் நூற்றாண்டே மனிதகுலத்தின் சிகரம், முந்தியவர்கள் எல்லாம் குழந்தைகள் என்று பேசிய அறிவொளிக்கால எழுத்தாளர்கள்மேல் அவருக்குத் தாங்க முடியாத எரிச்சல். ஒரு கோளத்தின் ஈர்ப்பு மையம் அதற்குள்ளேயே இருப்பதுபோல ஒவ்வொரு மக்களினத்தின் இன்பத்துக்கும் மையம் அதற்குள்ளேயே இருக்கிறது என்று எழுதினார். வரலாற்றுவாதத்தின் முதற்பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜெர்மானிய மொழியில் வரலாற்றுவாதத்தைக் குறிக்கும் 'ஹிஸ்டோரிஸ்முஸ்' என்ற சொல்லை 1797இன் குறிப்புகளில் இலக்கியத் திறனாய்வாளர் பிரீட்ரிக் ஷ்லேகல் எழுதுகிறார். பண்டைய கிரேக்கக் கலை நம் காலத்திலிருந்து அளவிட முடியாதபடி வேறுபட்டது, தனித்தன்மை உடையது என்று கண்டுகொண்ட கலை வரலாற்றாசிரியர் வின்கெல்மனைப் புகழும்போது பயன்படுத்துகிறார். பிறந்தபோது அது பாராட்டுச் சொல். அதைத் திட்டாக மாற்றியவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் பொருளியலாளர் கார்ல் மெங்கர். பொருளியலுக்குப் பொது விதிகள் உண்டு என்பது அவர் கட்சி. முதலில் நாடுதோறும் காலந்தோறும் விவரம் சேருங்கள் என்பது பெர்லினில் இருந்த குஸ்தாவ் ஷ்மோலரின் கட்சி. 1884இல் மெங்கர் 'ஹிஸ்டோரிஸ்முஸின் பிழைகள்' என்று தலைப்பிட்டு, நண்பருக்கு எழுதிய பதினாறு கடிதங்களின் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். ஷ்மோலர் அதைப் படிக்காமலே திருப்பி அனுப்பினார். அனுப்பியதைத் தம் இதழிலும் அச்சிட்டார். கடிதங்களுக்கு நேர்ந்த அந்தக் கதியை இந்த மடலுக்கும் நீங்கள் தரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெங்கர் ஷ்மோலர் தரப்பினரைக் குற்றம் சாட்டியது, வரலாற்றில் விதிகளைத் தேடினார்கள் என்பதற்காக அன்று. விதிகளைத் தேட மறுத்தார்கள் என்பதற்காக. அறுபது ஆண்டு கழித்து பாப்பர் அதே சொல்லால் குற்றம் சாட்டியது, விதி இருக்கிறது என்று நம்பியவர்களை. ஒரே பட்டம், நேர் எதிரான இரண்டு குற்றங்கள். இதைத் தெரிந்துகொள்ளாத மாணவருக்கு இந்த வாதங்களில் எதுவுமே விளங்காது.

நடுவில் நிகழ்ந்ததுதான் மெய்யியல் மாணவர்களுக்கு மிக வேண்டிய பகுதி. நீங்கள் வெட்டி எறிந்ததும் அதைத்தான். எல்லாம் அந்தந்தக் காலத்தின் விளைவு என்றால், அறமும் சமயமும் மெய்யியலும்கூட அப்படித்தானே? 1903இல் தம் எழுபதாம் பிறந்தநாள் உரையில் டில்தாய் இந்தக் கேள்வியை மறைக்காமல் முன்வைத்தார். வரலாற்று நோக்கு எந்த மெய்யியலையும் எந்தச் சமயத்தையும் முடிந்த முடிபு என்று ஏற்கவிடாது. அப்படியானால் நம்பிக்கைகளின் இந்த அராஜகத்தை எதைக் கொண்டு வெல்வது? இலக்கு எனக்குத் தெரிகிறது, வழியில் நான் விழுந்துவிட்டால் என் மாணவர்கள் இறுதிவரை நடப்பார்கள் என்று முடித்தார். 1911இல் மெய்யியலாளர் ஹுஸர்ல் அதே இடத்தில் கை வைத்தார்: ஓர் எண்ணம் எப்படித் தோன்றியது என்பது வேறு, அது செல்லுபடியாகுமா என்பது வேறு, முதலாவதைச் சொல்லி இரண்டாவதைத் தீர்க்க முடியாது. அந்த ஆண்டிலேயே டில்தாய் இறந்தார். 1922இல் இறையியலாளர் எர்ன்ஸ்ட் டிரொல்ட்ஸ் 'ஹிஸ்டோரிஸ்முஸும் அதன் சிக்கல்களும்' என்ற பெருநூலை வெளியிட்டார்; அடுத்த பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். அவர் இங்கிலாந்தில் நிகழ்த்தவிருந்த சொற்பொழிவுகளை அவர் இல்லாமலேதான் அச்சிட்டார்கள். டம்மி எண்ணுக்குப் பின்னாலிருந்த அந்த மாணவர் தம் கடைசிப் பக்கத்தில் கேட்டாரே, அது இவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி. அதற்கு நாம் தந்த விலை இரண்டு மதிப்பெண்.

இனி 1936. அந்த ஓராண்டை மட்டும் வகுப்பில் விரித்துச் சொன்னாலே இந்தப் பாடத்தின் பாதி முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஜெர்மனியில், எழுபத்து மூன்று வயது வரலாற்றாசிரியர் பிரீட்ரிக் மைனெக்கே 'ஹிஸ்டோரிஸ்முஸின் தோற்றம்' என்ற நூலை வெளியிடுகிறார். அதற்கு முந்திய ஆண்டுதான், தாம் நெடுங்காலம் நடத்திய வரலாற்று இதழின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து அவரை நாஜி ஆட்சி விலக்கியிருந்தது. நூலில் அவர் ஹிஸ்டோரிஸ்முஸை மேலைச் சிந்தனை கண்ட மாபெரும் புரட்சிகளில் ஒன்று என்கிறார்: பொதுமைகளை விட்டுத் தனித்தன்மையைப் பார்க்கக் கற்ற புரட்சி. அதே ஆண்டின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸில் ஒரு நண்பர் வீட்டில் சிலர் கூடிய அமர்வில், முப்பத்து மூன்று வயது பாப்பர் 'வரலாற்றுவாதத்தின் வறுமை' என்ற கட்டுரையைப் படிக்கிறார். அந்த அமர்வின் விவாதத்தில் பங்கெடுத்த ஒருவர், பாப்பரின் பழைய மாணவர், பின்னாளில் நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோவுக்குப் பலியானார். நியூசிலாந்திலிருந்து பாப்பர் அனுப்பிய கட்டுரையை ஒரு மெய்யியல் இதழ் திருப்பிவிட, பொருளியலாளர் ஹாயெக் நடத்திய பொருளியல் இதழான 'எகனாமிகா' 1944, 1945ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டது. 1957இல் நூலானது. வரலாற்று விதியின் தவிர்க்கவொண்ணாத் தன்மை என்ற பாசிச, கம்யூனிச நம்பிக்கைக்குப் பலியான எண்ணற்ற ஆண் பெண்களின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அந்தக் காணிக்கைப் பக்கத்தை வகுப்பில் படிக்கும்போது எனக்குக் குரல் தடுக்கும். பாப்பரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் பாப்பர் செய்தது ஒரு பெயரிடல். அதிகம் பழகாத ஒரு சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன் என்று அவரே நூலில் சொல்லிவிடுகிறார். கருத்துகளை அவை தோன்றிய காலச் சூழலோடு இணைத்து விளக்கும் வழக்கத்துக்கு 'ஹிஸ்டாரிஸம்' என்ற வேறு சொல்லை ஒதுக்கி, 'ஹிஸ்டாரிசிஸம்' என்று தாம் சொல்வது அதுவன்று என்றும் எச்சரித்திருக்கிறார். அந்த மெல்லிய 'சி' எழுத்துதான் தமிழுக்கு வரும்போது உதிர்ந்துபோனது. இரண்டுக்கும் நாம் 'வரலாற்றுவாதம்' என்றே வைத்துக்கொண்டோம். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தாம் தாக்கப்போகும் நிலைப்பாட்டை விவரிக்கும் முதற்பகுதியில் ஜெர்மானிய மரபின் சில கருத்துகளையும் பாப்பர் சேர்த்துக்கொள்கிறார்; ஆகவே இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்பு என்ன என்பதே நல்ல தேர்வு வினா. அதைக் கேட்க இரண்டும் பாடத்தில் இருக்க வேண்டும்.

குழப்பம் பாப்பரோடு நிற்கவில்லை. இத்தாலியில் மெய்யியலாளர் பெனடெட்டோ குரோச்சே 'முழுமையான வரலாற்றுவாதம்' என்று தம் மெய்யியலுக்கே பெருமையோடு பெயர் சூட்டிக்கொண்டார். சிறையில் இருந்த இத்தாலிய மார்க்சியர் கிராம்சி அந்தத் தொடரை எடுத்து மார்க்சியத்துக்கு வைத்தார். 1965இல் பாரிஸில் மார்க்சிய மெய்யியலாளர் அல்தூஸர் 'மார்க்சியம் வரலாற்றுவாதம் அன்று' என்று ஓர் இயலுக்கே தலைப்பிட்டார். அவர் மறுத்தது கிராம்சி போன்றவர்களின் பொருளை. இங்கே மாணவர்கள் கையில் புழங்கும் ஒரு கைடு, 'மார்க்ஸ் வரலாற்றுவாதி அல்லர் என்று அல்தூஸர் பாப்பருக்குப் பதிலளித்தார்' என்கிறது. அதை அப்படியே எழுதிய பதினேழு தாள்களை ஒரே கட்டில் திருத்தினேன். விடைக்குறிப்புப்படி எல்லாருக்கும் முழு மதிப்பெண். எங்கள் கல்லூரியில் தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்த்துறை. அவர்கள் பாடத்தில் 'புதிய வரலாற்றுவாதம்' இருக்கிறது. 1980களில் இலக்கியத் திறனாய்வாளர் ஸ்டீபன் கிரீன்பிளாட் முதலானோர் ஷேக்ஸ்பியர் காலத்து நூல்களை அக்காலத்தின் அதிகாரம், வழக்கங்கள், ஆவணங்களோடு சேர்த்துப் படித்த முறை. எங்கள் மாணவர் ஒருவர் அதைப் பற்றிய கருத்தரங்கத்துக்குப் போய்விட்டு வந்து, "ஷேக்ஸ்பியரை வைத்து எதிர்காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரலாறு இல்லாத ஒன்றுக்குத்தான் வரையறை சொல்ல முடியும் என்று நீட்சே 1887இல் எழுதினார். வரலாற்றுவாதிகளைக் கடுமையாகச் சாடிய அவருக்கே தெரிந்த விஷயம் அது. 'சுமை' என்று நீங்கள் குறைத்தவை மொத்தம் நாற்பது பக்கங்கள், எண்ணிப் பார்த்தேன். அவற்றை நீக்கியதால் மாணவருக்கு மிச்சமானது இரண்டு மாலைப்பொழுதுகள்.

கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் அலகை வரும் கல்வியாண்டிலேயே மீட்டுத் தாருங்கள். நால்வரும் முழுதாக வேண்டாம். விகோவை விட்டுவிடுங்கள் என்றால்கூட வருத்தத்தோடு ஒப்புக்கொள்வேன். ஹெர்டர், ரான்கே, டில்தாய் மூவரிலிருந்தும் பத்துப் பத்துப் பக்கம் போதும். தமிழில் இல்லை என்று காரணம் காட்ட வேண்டாம். ஆங்கில வழியாக நான் மொழிபெயர்த்த பக்கங்கள் தட்டச்சாகித் தயாராக இருக்கின்றன, ஊதியம் வேண்டாம், ஜெர்மானியம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தால் போதும்.

இரண்டு பொருளுக்கும் இரண்டு சொல் வையுங்கள். ஹெர்டர், ரான்கே, டில்தாய் மரபுக்கு 'வரலாற்றியம்', பாப்பர் தாக்கியதற்கு 'வரலாற்று நியதிவாதம்' என்பது என் பரிந்துரை. இவை பிடிக்கவில்லையென்றால் வேறு வையுங்கள். ஒரே சொல்லை மட்டும் வைக்காதீர்கள். அந்த ஒரு மதிப்பெண் வினாவை வினா வங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். விடைக்குறிப்பில் இல்லாத, ஆனால் சான்றோடு எழுதப்பட்ட விடையை ஏற்கும் உரிமை திருத்துபவருக்கு உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்து முகாம்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பாக இவற்றுக்குப் பதில் தாருங்கள். மறுப்பதானால் காரணத்தோடு மறுங்கள்.

கடைசியாக, அந்தத் தாள். அதை வெளியிலிருந்து ஒரு தேர்வாளரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்ய வேண்டும். டம்மி எண்ணைத் தனி உறையில் இட்டு, பதிவுத் தபாலில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பியிருக்கிறேன். மறுமதிப்பீட்டுக் கட்டணத்தை மாணவர்தான் கட்ட வேண்டும் என்று விதி இல்லையென்றால், நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி ஒன்றின் மெய்யியல் ஆசிரியர்